ட்ரெய்னிங் குடுத்தா மாறிடுவாங்களா?

போன செமஸ்டர் லீவ்ல பெரியப்பா பொண்ணோட ஒரு அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த ஆபீஸ்ங்கறது முக்கியம் இல்ல. அக்காவுக்குப் பிறந்ததுல இருந்தே காது கேட்காது. ஒரு சான்றிதழ்ல அவங்க பேர்ல ஒரு எழுத்து தப்பா விழுந்திருந்தது, அதைத் திருத்தணும். அவ்ளோதான் வேலை.

கவுன்ட்டர்ல இருந்த சார் மனுவை வாங்கிட்டு அக்காகிட்ட ஏதோ கேட்டார். அக்கா காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாங்க. அவர் இன்னும் சத்தமா கேட்டார். அப்புறம் அதைவிட சத்தமா. வரிசையில நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. கடைசியா என்னைப் பாத்து, "இவங்களுக்கு என்ன வேணுமாம்?"னு கேட்டார். நானும் சொன்னேன். அதுக்கப்புறம் அக்கா அங்க நிக்கறதையே அவர் மறந்துட்டார். பிறந்த தேதி, என்ன வேலை, கல்யாணம் ஆயிடுச்சா, எல்லாமே என்கிட்டதான் கேட்டார். அக்காவுக்கு வயசு 27, எம்.காம். முடிச்சவங்க. எனக்கு 21, இன்னும் ரெண்டு அரியர் பாக்கி.

அவர் தலைக்கு மேல சுவத்துல, மாற்றுத்திறனாளிகளை மதிக்கணும்னு ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது.

இதை வீட்ல சொன்னப்போ, அரசு வேலையில இருந்து ரிட்டயர் ஆன அப்பாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் சிரிச்சார். "அதுக்கெல்லாம் ட்ரெய்னிங் குடுத்துட்டுத்தான் இருக்காங்க தம்பி. நானே போயிருக்கேன். போனோம், டீ வடை சாப்பிட்டோம், கையெழுத்துப் போட்டோம், வந்துட்டோம்."

அப்போ ஒரு கேள்வி வந்துச்சு. இந்த மாதிரிப் பயிற்சிகளால நிஜமாவே ஏதாவது பிரயோஜனம் இருக்கா? இல்ல, மக்கள் வரிப்பணத்துல வாங்கின வடையா? கொஞ்சம் தேடிப் படிச்சேன். எனக்குப் புரிஞ்சதை உங்ககிட்ட சொல்றேன்.

முதல்ல, இது என்ன பயிற்சி?

ஒரே ஆபீஸ்ல பல விதமான ஆட்கள் வேலை செய்வாங்க, பல விதமான ஆட்கள் அங்க வருவாங்க. ஆண், பெண், திருநர், வேற வேற சாதி, மதம், மொழி, மாற்றுத்திறனாளிகள். எல்லாரையும் ஒரே மாதிரி மரியாதையா நடத்த ஊழியர்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுதான் பன்முகத்தன்மைப் பயிற்சி. வெளிநாட்டுல டைவர்சிட்டி ட்ரெய்னிங்னு சொல்வாங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் 'சென்சிட்டைசேஷன் புரோகிராம்'.

இது யாரோ ஆசைப்பட்டு நடத்தற விஷயம் இல்ல, சட்டத்துலயே இருக்கு. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 47-வது பிரிவு, நிர்வாக அதிகாரிகள், போலீஸ், நீதிபதிகள், பஞ்சாயத்து உறுப்பினர்கள் எல்லாருக்கும் நடக்கற பயிற்சிகள்ல மாற்றுத்திறனாளிகளோட உரிமைகளையும் சேத்துச் சொல்லிக் குடுக்கணும்னு சொல்லுது. பணியிடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கற 2013 சட்டத்துல, குறிப்பிட்ட இடைவெளியில விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் நடத்த வேண்டியது முதலாளியோட கடமை. அரசு அலுவலகமும் அந்தக் கணக்குல வரும்.

ஆக, நடத்தணுமா வேண்டாமாங்கறது கேள்வி இல்ல. நடத்தினா என்ன ஆகுதுங்கறதுதான் கேள்வி.

ரிசல்ட் பாத்தா கொஞ்சம் கஷ்டமா இருக்கும்

இந்த விஷயத்துல ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்றவங்க ஃப்ராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ்ங்கற ரெண்டு சமூகவியலாளர்கள். அமெரிக்காவுல 700-க்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்களோட பல வருஷத் தகவல்களை வச்சு 2006-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பெண்களும் கறுப்பினத்தவரும் மேனேஜர் பதவிக்கு வர்றதுக்கு எது உதவுச்சுன்னு பாத்தாங்க. பயிற்சி வகுப்புகளால வந்த பலன் ரொம்பக் குறைவு. இதுக்கு இவங்கதான் பொறுப்புன்னு ஆளையோ குழுவையோ நியமிச்ச இடங்கள்லதான் நல்ல மாற்றம் இருந்தது.

2016-ல அவங்க எழுதின இன்னொரு கட்டுரை இன்னும் ஷாக். மேனேஜர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கின நிறுவனங்கள்ல, 5 வருஷம் கழிச்சு கறுப்பினப் பெண் மேனேஜர்களோட பங்கு சராசரியா 9 சதவீதம் குறைஞ்சிருந்தது. கூடல, குறைஞ்சது! கட்டாயப்படுத்தி உக்கார வச்சா எரிச்சல்தான் வரும்ங்கறது அவங்க குடுக்கற விளக்கம். கட்டாய செமினாருக்கு ஆடிட்டோரியத்துல உக்காந்திருக்கற நமக்கு இதைப் புரிஞ்சுக்க பெரிய ஆராய்ச்சி தேவையில்ல.

அது தனியார். அரசு ஊழியர்கள்ல பெரிய உதாரணம் நியூயார்க் போலீஸ். 2018-ல இருந்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸ்காரங்களுக்கு, நமக்கே தெரியாம நம்ம மனசுல இருக்கற பாரபட்சத்தைப் பத்தி வகுப்பு எடுத்தாங்க. கூடவே சுயாதீனமா ஒரு மதிப்பீடும் நடந்தது. வகுப்புக்குப் போனவங்களுக்கு விஷயம் முன்னைவிட நல்லாப் புரிஞ்சிருந்தது. ஆனா தெருவுல யாரை நிறுத்தறாங்க, யாரைக் கைது பண்றாங்கங்கற கணக்குல, இது பயிற்சியால வந்த மாற்றம்னு சொல்ற அளவுக்கு எதுவும் தெரியல.

2020 டிசம்பர்ல பிரிட்டன் அரசு, தன் சிவில் சர்வீஸ்ல இந்த வகைப் பயிற்சியைப் படிப்படியா நிறுத்தறதா அறிவிச்சது. நீண்ட காலத்துல நடத்தையை மாத்துதுன்னு ஆதாரம் இல்லங்கறது அவங்க சொன்ன காரணம். அமெரிக்காவுல இது முழுக்க அரசியல் ஆயிடுச்சு. 2020 செப்டம்பர்ல ட்ரம்ப் அரசுத் துறைப் பயிற்சிகள்ல என்னென்ன சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவு போட்டார். 2021 ஜனவரியில பைடன் பதவியேத்த அன்னைக்கே அதை ரத்து பண்ணார். 2025 ஜனவரியில ட்ரம்ப் திரும்ப வந்த அன்னைக்கு, மத்திய அரசுல இது சம்பந்தமான திட்டங்களையே முடிக்கச் சொல்லி உத்தரவு போட்டார். பயிற்சி வேலை செய்யுதாங்கற கேள்வி, நீங்க எந்தக் கட்சிங்கற கேள்வியா மாறிடுச்சு.

அப்போ வேஸ்ட்னு முடிவு பண்ணிடலாமா? கொஞ்சம் பொறுங்க.

வாஷிங் மெஷின் பிரச்சினை

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் நினைவிருக்கா? ஓப்பன் லூப்புக்கு எல்லா புக்லயும் ஒரே உதாரணம்தான், டைமர் வச்ச வாஷிங் மெஷின். 40 நிமிஷம் ஓடும், பீப் அடிக்கும், நின்னுடும். அழுக்கு போச்சாங்கறதை அது பாக்கவே பாக்காது. ஏன்னா அதுல ஃபீட்பேக் இல்ல.

பெரும்பாலான பயிற்சிகள் அப்படித்தான் நடக்குது. ஒரு நாள் வகுப்பு, முடிஞ்சதும் சர்டிஃபிகேட். பீப்! அடுத்த நாள் கவுன்ட்டர்ல என்ன நடந்ததுன்னு யாரும் அளக்கறது இல்ல. எத்தனை பேர் வந்தாங்கன்னு ரிப்போர்ட்ல போடுவாங்க. எத்தனை பேர் மாறினாங்கங்கறதுக்கு அந்த ரிப்போர்ட்ல காலமே இருக்காது.

ஆன்லைன் கோர்ஸ்னா இன்னும் மோசம். 2019-ல வந்த ஒரு ஆய்வுல, ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தோட 3 ஆயிரம் ஊழியர்களை வச்சு ஒரு மணி நேர ஆன்லைன் பயிற்சியைச் சோதிச்சாங்க. சில பேரோட கருத்து கொஞ்சம் மாறுச்சு, நடத்தையில பெரிய மாற்றம் இல்ல. நம்ம மத்திய அரசும் 2020-ல மிஷன் கர்மயோகி கொண்டுவந்து, ஐகாட்ங்கற தளத்துல ஊழியர்களுக்கு ஆன்லைன் கோர்ஸ் நடத்துது. நல்ல முயற்சிதான். ஆனா வீடியோவை 2எக்ஸ்ல ஓட விட்டுட்டு கடைசி க்விஸ்க்கு மட்டும் வர்ற டெக்னிக் நமக்கு மட்டும்தான் தெரியும்னு நினைக்கறீங்களா?

லூப்பை மூடினா என்ன ஆகும்?

இதுக்கு பதில் அமெரிக்காவுல இல்ல, நம்ம நாட்டுலயே இருக்கு.

முதல்ல ராஜஸ்தான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்ட பொருளாதார நிபுணர்கள் அந்த மாநில போலீஸோட சேந்து 162 காவல் நிலையங்கள்ல பல சீர்திருத்தங்களைச் சோதிச்சாங்க. வார விடுமுறை, சுழற்சி முறையில வேலை, ஊர்க்காரங்களை ஸ்டேஷன்ல பார்வையாளரா உக்கார வைக்கறது, அடிக்கடி டிரான்ஸ்ஃபர் போடறதை நிறுத்தறது, அப்புறம் பயிற்சி. உறுதியான பலன் குடுத்தது ரெண்டே ரெண்டுதான்: டிரான்ஸ்ஃபரை நிறுத்தினது, பயிற்சி. ஆச்சரியமா இருக்குல்ல? ஆனா அந்தப் பயிற்சியில இருந்தது மனசை மாத்தற லெக்சர் இல்ல. விசாரணையை எப்படி நடத்தணும், புகார் குடுக்க வர்றவங்ககிட்ட எப்படிப் பேசணும்ங்கற வேலைத் திறமை. ரிசல்ட்டையும் போலீஸ்காரங்களையே கேட்டு முடிவு பண்ணல. புகார் குடுத்தவங்களைக் கேட்டாங்க. புகார்தாரர் மாதிரி ஆளை அனுப்பி, ஸ்டேஷன்ல என்ன நடக்குதுன்னும் பாத்தாங்க. இதுதான் சென்சார்.

ரெண்டாவது மத்தியப் பிரதேசம். 180 காவல் நிலையங்களை மூணு குழுவா, குலுக்கல் முறையில பிரிச்சாங்க. ஒரு குழுவுல பெண்களுக்கான ஹெல்ப் டெஸ்க். இன்னொரு குழுவுல அதே டெஸ்க், ஆனா அதை நடத்தறது பெண் போலீஸ். மூணாவதுல எதுவும் இல்ல, எப்பவும் போல. டெஸ்க்னா வெறும் மேஜை இல்ல. தனியா உக்காந்து பேச இடம், புகார் வந்தா என்னென்ன செய்யணும்னு எழுதி வச்ச நடைமுறை, அதுக்கான பயிற்சி, எல்லாம் சேத்து. 2022-ல ரிசல்ட் வெளியாச்சு. டெஸ்க் இருந்த ஸ்டேஷன்கள்ல பெண்களுக்கு எதிரான வன்முறைப் புகார்கள் அதிகமாப் பதிவாச்சு. பெண் போலீஸ் நடத்தின இடங்கள்ல எஃப்.ஐ.ஆர். இன்னும் தெளிவாக் கூடுச்சு.

"புகார் கூடுனா குற்றம் கூடுச்சுன்னுதானே அர்த்தம்?"னு கேக்கலாம். அப்படி இல்ல. முன்னாடி "வீட்டுப் பிரச்சினைம்மா, பேசித் தீத்துக்கோங்க"ன்னு திருப்பி அனுப்பின புகார்கள்தான் இப்ப காகிதத்துல ஏறுது.

கவனிச்சீங்களா? ரெண்டு இடத்துலயும் பயிற்சி இருக்கு. ஆனா அது தனியா இல்ல. கூடவே எழுதி வச்ச நடைமுறை இருக்கு, அளக்க ஆள் இருக்கு, சில இடத்துல சரியான ஆளே அந்த நாற்காலியில இருக்காங்க.

சரி, மனசு மாறவே மாறாதா?

மாறும்னுதான் தோணுது. ஆனா பவர்பாயின்ட்ல இல்ல.

மேற்கு வங்கத்துல அப்போ பஞ்சாயத்துத் தலைவர் பதவிகள்ல மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு இருந்தது. எந்த ஊர்ங்கறது சுழற்சி முறையில மாறும். 2009-ல வந்த ஒரு ஆய்வுல, ஒரே பேச்சை ஆண் குரல்லயும் பெண் குரல்லயும் பதிவு பண்ணி ஊர்க்காரங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. பெண் தலைவரையே பாக்காத ஊர் ஆண்கள், பெண் குரலுக்குக் கம்மி மார்க் போட்டாங்க. ஏற்கெனவே பெண் தலைவர் இருந்த ஊர்ல அந்த வித்தியாசம் காணாமப் போச்சு. ஒரு சுவாரசியம், "உங்களுக்குத் தலைவரா யார் பிடிக்கும்?"னு நேராக் கேட்டா அங்கயும் ஆண்தான்னு சொன்னாங்க. ஆசை மாறல, மதிப்பிடற விதம் மாறிடுச்சு. யாரும் வகுப்பு எடுக்கல, கூடவே இருந்து பாத்தாங்க.

அதே மாதிரி 2016-ல அமெரிக்காவோட மயாமி பகுதியில ஒரு ஆய்வு. வீடு வீடாப் போய், சுமார் 10 நிமிஷம், திருநர் உரிமையைப் பத்திப் பேசினாங்க. அட்வைஸ் பண்ணல. "உங்களை யாராவது வித்தியாசமாப் பாத்து ஒதுக்கியிருக்காங்களா? அப்ப எப்படி இருந்தது?"னு கேட்டு அவங்களையே பேச விட்டாங்க. அந்த மாற்றம் குறைஞ்சது 3 மாசம் நிலைச்சது.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு அருமையான உதாரணம் சென்னை உயர் நீதிமன்றத்துல நடந்தது. மதுரையைச் சேந்த ரெண்டு பெண்கள், ஒருத்தரை ஒருத்தர் விரும்பினவங்க, குடும்ப எதிர்ப்பால சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்டு வழக்குப் போட்டாங்க. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்துல சரியான புரிதல் இல்லன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார். தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி ஒரு உளவியலாளர்கிட்ட தானே போய் உக்காந்து கத்துக்கிட்டார். 2021 ஜூன்ல வந்த உத்தரவுல போலீஸ், சிறைத்துறை, நீதித்துறைன்னு பல இடங்களுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி குடுக்கணும்னு சொன்னார்.

அது அதோட நிக்கல. 2022-ல தமிழ்நாடு அரசு, போலீஸ் நடத்தை விதிகள்ல 24-சிங்கற புது விதியைச் சேத்தது. பால்புதுமையினரையும் அவங்களுக்காக வேலை செய்யறவங்களையும் போலீஸ் துன்புறுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. அதே வருஷம் அவங்களைக் குறிப்பிட மரியாதையான சொற்களோட பட்டியல் அரசிதழ்ல வந்தது. இங்கதான் வித்தியாசம். வகுப்புல கேட்டது மறந்துபோனாக்கூட, நடத்தை விதி மறக்காது. மீறினா துறை நடவடிக்கைங்கற பயம் இருக்கும்.

பாலியல் துன்புறுத்தல் சட்டமும் இதே டிசைன்தான். விழிப்புணர்வு நிகழ்ச்சி மட்டும் இல்ல, உள்ளகக் குழு இருக்கணும், அதுல வெளியாள் ஒருத்தர் இருக்கணும், புகார் குடுக்க 3 மாசம், விசாரிச்சு முடிக்க 90 நாள். வகுப்பு அந்தக் கதவு எங்க இருக்குன்னு காட்டும். கதவே இல்லாத வீட்டுக்கு வழி சொல்லி என்ன புண்ணியம்?

அப்போ என் பதில்

பயிற்சி தேவை. ஆனா அதுகிட்ட என்ன எதிர்பாக்கறோம்ங்கறதுல தெளிவு வேணும்.

ஒருத்தரோட மனசை ஒரே நாள்ல மாத்தத்தான் பயிற்சின்னா, அந்தக் காசுல ஆபீஸ்க்கு ரெண்டு ஃபேன் வாங்கிடலாம். ஒருத்தருக்கு ஒரு வேலையைச் சரியா செய்யக் கத்துக்குடுக்கத்தான்னா, கட்டாயம் வேணும். காது கேட்காதவங்க வந்தா கத்தாதீங்க, அவங்க முகத்தைப் பாத்துப் பேசுங்க, பேப்பர்ல எழுதுங்க, கூட வந்தவங்ககிட்ட இல்ல, அவங்ககிட்டயே கேளுங்க. இதைச் சொல்லிக்குடுக்க அரை மணி நேரம் போதும். இதுக்கு மனசு மாற வேண்டிய அவசியம்கூட இல்ல.

கவுன்ட்டர்ல இருக்கறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. காலியிடம் நிரப்பல, வரிசை வாசல் வரைக்கும் நிக்குது, சர்வர் டவுன். அவருக்கு அன்பா இருங்கன்னு லெக்சர் குடுத்தா கடுப்புதான் ஆவார். ஒரு எழுதற பேடும், என்ன செய்யணும்ங்கற நாலு வரிக் குறிப்பும் குடுத்தா, அவர் வேலையும் சீக்கிரம் முடியும்.

அதனால யாராவது இப்படி ஒரு பயிற்சி நடத்தினா நான் மூணு கேள்வி கேப்பேன். நாளைக்குக் காலையில வேலையில எது மாறணும்னு எழுதி வச்சிருக்கீங்களா? மாறுச்சான்னு யார் பாக்கறாங்க, அதை யார்கிட்ட கேக்கறாங்க? யாரைப் பத்தி வகுப்பு எடுக்கறீங்களோ, அவங்கள்ல ஒருத்தராவது அந்த ஆபீஸ்ல வேலை செய்யறாங்களா? மத்திய, மாநில அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு அதே 2016 சட்டத்துலயே இருக்கு. அதை ஒழுங்கா நிரப்பறதே பெரிய பயிற்சிதான்.

இதை நான் சும்மா சொல்லல. அன்னைக்கு அதே ஆபீஸ்ல ரெண்டாவது கவுன்ட்டருக்குப் போனோம். அங்க இருந்த மேடம், அக்கா காதைத் தொட்டுக் காட்டினதும் பேசறதை நிறுத்திட்டு, ஒரு பழைய கவரைத் திருப்பி எழுதி நீட்டினாங்க. அக்கா பதில் எழுதினாங்க. மூணே நிமிஷம், வேலை முடிஞ்சது. "எப்படி மேடம்?"னு கேட்டேன். முன்னாடி வேலை பாத்த ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல காது கேட்காத ஒருத்தர் இருந்தாராம். நாலு வருஷம்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, நம்ம பேட்ச்ல எத்தனை பேர் டி.என்.பி.எஸ்.சி. புக்கோட சுத்தறோம்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு மூணு வருஷத்துல அந்த நாற்காலியில நம்மள்ல யாரோ ஒருத்தர் உக்காந்திருப்போம். டீ வடையோட ஒரு பயிற்சிக்கும் கூப்பிடுவாங்க. வடையை விட வேண்டாம், அந்த மூணு கேள்வியையும் கேட்டுட்டு வாங்க.

கடைசியா ஒண்ணு. வெளில வந்து பஸ்க்கு நிக்கும்போது முதல் கவுன்ட்டர்காரரைத் திட்டிக்கிட்டே வந்தேன். அக்கா போன்ல டைப் பண்ணிக் காட்டினாங்க: "அவருக்குத் தெரியல, சரி. அவர் கேட்டப்போ நீ ஏன் எனக்கு பதிலா பதில் சொன்ன? சின்ன வயசுல இருந்து நீ அப்படித்தான்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நானும் போன வருஷம் ஒரு சென்சிட்டைசேஷன் செமினார் அட்டெண்ட் பண்ணவன்தான். சர்டிஃபிகேட் இன்னும் ஃபைல்ல இருக்கு.

போன மாசம் திருத்தின சான்றிதழை வாங்கப் போனோம். இந்தத் தடவை அக்கா மட்டும் உள்ள போனாங்க, கையில ஒரு சின்ன நோட்டு. நான் வெளில பெஞ்ச்ல உக்காந்திருந்தேன். கொஞ்சம் லேட் ஆச்சு. ஆனா பேர் இப்ப சரியா இருக்கு.